கடற்கரை ஓவியத்தில் மனநிலை எங்கிருந்து வருகிறது?

கேள்வி: எண்ணெய் வண்ணம் பழகி வருகிறேன். விடுமுறை நாள் கடற்கரை ஒன்றை வரைந்தேன். குடை, துண்டு, சிறுவர்களின் உடை என எல்லா நிறமும் பளிச்சென்று இருந்தும் படத்தில் எந்த உணர்வும் பிடிபடவில்லை. என்ன செய்யலாம்?

பதில்: நிறங்கள் பளிச்சென்று இருப்பது பிழையன்று, எல்லாமே ஒரே அளவுக்குப் பளிச்சிடுவதுதான் சிக்கல். எந்த நிறம் எவ்வளவு பரப்பைப் பிடிக்கிறது, அதன் பக்கத்தில் எது இருக்கிறது என்பவையே படத்தின் மனநிலையைப் பெரிதும் தீர்மானிக்கின்றன. இதற்கு லண்டன் டேட் கலைக்கூடத்தின் தொகுப்பிலுள்ள, ஆங்கில ஓவியர் வனெசா பெல்லின் ‘ஸ்டட்லேண்ட் கடற்கரை’யை நிதானமாகப் பாருங்கள். செசான், கோகன், வான்கோ ஆகிய நவீன ஓவியர்களின் ஓவியங்களைக் கலை விமர்சகர் ரோஜர் ஃப்ரை 1910இல் லண்டனில் காட்சிக்கு வைத்து பெரும் சர்ச்சையைக் கிளப்பியதற்குப் பின், 1912 வாக்கில் வரையப்பட்ட படம் இது.

இங்கிலாந்தின் டார்செட் கடலோரத்தில் ஒரு விடுமுறைப் பொழுது. ஆனால் அதில் அலையுமில்லை, வெயிலின் மினுமினுப்பும் இல்லை. வெளிறிய மணலும் அடர்நீலக் கடலும் சாய்ந்த கோடொன்றில் சந்திக்கின்றன; தொடுவானம் காட்டப்படாததால் அந்த நீலம் தூரமாக விரியாமல் சுவர்போல நிற்கிறது. இடது கீழ்மூலையில் தொப்பியணிந்த இருவர் நமக்கு முதுகு காட்டி அமர்ந்திருக்க, எதிர்ப்புறத்தில் வெண்ணிறக் கூடாரத்தின் முன் நீல உடையணிந்த பெண்ணொருத்தியும் முதுகைக் காட்டியே நிற்கிறாள். கூடாரத்தின் வெண்மை இல்லையென்றால் அவள் கடலின் நீலத்திலேயே கரைந்துபோயிருப்பாள். இரு குழுக்களுக்கும் நடுவே கிடக்கும் வெற்று மணலில்தான் அந்தப் படத்தின் தனிமை முழுவதும் இருப்பதாக நான் கருதுகிறேன்.

இதே போன்ற கடற்கரை ஓய்வைத்தான் பிரெஞ்சு ஓவியர் மத்தீஸும் 1904இல் ‘லூக்ஸ், கால்ம் எ வோலுப்தே’ (ஆடம்பரம், அமைதி, இன்பம்) படத்தில் வரைந்தார். ஆனால் தூய நிறங்களைச் சிறுசிறு கீற்றுகளாக அடுக்கி, ஆரஞ்சையும் நீலத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்ததால் அங்கே காற்றே துள்ளுகிறது. நீலம் என்றாலே சோகம் என்ற பாடம் இங்கு எடுபடாது.

உங்கள் படத்துக்கு வருவோம். முதலில் அதைக் கைப்பேசியில் கறுப்பு வெள்ளையாகப் படமெடுத்துப் பாருங்கள். குடையும் மணலும் உடைகளும் ஒரே சாம்பல் அளவில் தெரிந்தால், நிறத்தை மாற்றுவதற்கு முன் வெளிச்ச வேறுபாட்டைத் திருத்த வேண்டும். பிறகு டைட்டானியம் வெள்ளை, யெல்லோ ஓக்கர் (மண் மஞ்சள்), பர்ன்ட் சியன்னா (செம்பழுப்பு), அல்ட்ராமரைன் நீலம் ஆகிய நான்கை மட்டும் கொண்டு சிறிய அளவில் மறுபடி வரையுங்கள். மணலுக்கான கலவையில் துளி நீலத்தைச் சேர்த்தால் அதன் மஞ்சள் அடங்கி, கடலோடு ஒத்துப்போகும். மிகப் பளிச்சிடும் நிறத்தை ஒரே இடத்துக்கு ஒதுக்கி, அடியிலுள்ள ஈர வண்ணத்தோடு கலந்து மங்கிவிடாதபடி அதைக் கடைசியில் வையுங்கள்.