கபடியில் பிசகிய கணுக்காலுக்கு வீக்கம் வற்றிய பின்னும் பிசியோதெரபி தேவையா?

கட்டாயம் தேவை. வலியில்லாமல் நடக்க முடிகிறது, மாட்டுப்பொங்கலுக்கு ஊர் அணியில் இறங்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தஞ்சாவூர்ப் பக்கம் விளையாட்டுக் காயங்களுக்குச் சிகிச்சை அளிக்கும் பிசியோதெரபிஸ்ட் என்ற முறையில், பலரும் சிகிச்சையை விட்டுவிடுகிற இந்தக் கட்டத்தில்தான் அதன் முக்கியமான பகுதி தொடங்குகிறது என்பேன்.

பாதம் உட்புறமாக மடங்கும்போது பெரும்பாலும் கிழிவது கணுக்காலின் வெளிப்புற ஜவ்வு. வீக்கம் வற்றினாலும் அந்த இழைகள் உறுதிபெற வாரக்கணக்கில், சிலருக்கு மாதக்கணக்கில் ஆகும். பாதம் எந்தக் கோணத்தில் தரையில் படுகிறது என்பதை மூளைக்குத் தெரிவிக்கும் நரம்பு முனைகளும் அந்த ஜவ்வில் இருப்பதால், அவை பாதிக்கப்பட்டபின் கால் மடங்கும் கணத்தில் தசைகள் தாமதமாகவே இறுகுகின்றன. ஒருமுறை பிசகிய கால் அடிக்கடி பிசகுவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். சுவரோரமாக அடிபட்ட காலில் மட்டும் நின்று, கண்களை மூடிப் பாருங்கள். விரல்கள் தரையைக் கவ்வுவதும் பாதத்தின் விளிம்பு நடுங்குவதும் நல்ல காலைவிட அதிகமாக இருந்தால், ஆட்டத்துக்கு அந்தக் கால் இன்னும் தயாராகவில்லை.

புதிதாக வளரும் நார்கள் இழுவிசை வரும் திசையில் ஒழுங்காக அடுக்கப்பட அளவான பளு வேண்டும். ஆகவே ஒற்றைக்கால் நிற்பு, குதிகால் உயர்த்தல், ரப்பர் பட்டையை வெளிப்புறமாக இழுத்தல் என்று தொடங்கி, குதித்து இறங்குதல், திசைமாறி ஓடுதல், போனஸ் கோட்டைத் தொட்டு வேகமாகத் திரும்புதல் என்று படிப்படியாகக் கூட்டுவோம். ஓய்வும் ஐஸும் என்ற முறையை 1978-இல் பரப்பிய மருத்துவர் கேப் மிர்கினே பிற்காலத்தில், அவை குணமாவதைத் தாமதப்படுத்தக்கூடும் என்று தம் கருத்தை மாற்றிக்கொண்டார். வலியைத் தணிக்கச் சிறிது நேரம் ஐஸ் வைப்பதில் தவறில்லை. ஆனால் அடிபட்ட முதல் சில நாட்களில் எண்ணெய் தேய்த்து அழுத்திச் சுளுக்கு வழிப்பது உள்ளே இரத்தக்கசிவையும் வீக்கத்தையும் கூட்டும் என்பதால், அதை நான் உறுதியாக மறுப்பேன்.

அடிபட்டவுடன் நான்கு அடிகூட எடுத்துவைக்க முடியாமல் இருந்து, இதுவரை எக்ஸ்ரே எடுக்கவில்லை என்றால் முதலில் எடுத்துவிடுங்கள். தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் பிசியோதெரபிப் பிரிவிலேயே பயிற்சிகளைக் கற்றுக்கொள்ளலாம். அடிபட்ட காலில் வலியின்றிக் குதித்து, நல்ல காலுக்கு இணையான தூரம் தாண்ட முடிந்த பிறகே ரெய்டுக்குச் செல்லுங்கள். அறுவடை முடிந்த வயலில் வெடிப்பும் தாள்கட்டையும் இருக்குமாதலால், அப்போதும் கணுக்கால் பட்டை அணிந்தே ஆடுங்கள்.