குதிரை, அருவி, தீவு: வாசகர் கேள்விகளும் பதில்களும்

டொமினிக்கன் குடியரசில் குதிரைச் சவாரி, அருவிக் குளியல், தீவுக் கடற்கரை மூன்றையும் ஒரே நாளில் முடித்தோம். நம் டெல்டாவிலும் அப்படி முடியுமா? (தஞ்சாவூர்)

முடியாது. நீங்கள் போன சமானா தீபகற்பத்தில் மலையும் கடலும் ஒட்டிக் கிடப்பதால், சுமார் 150 அடி உயர எல் லிமோன் அருவிக்குக் குதிரையில் போய்க் குளித்துவிட்டு, பிற்பகலில் படகேறிக் காயோ லெவந்தாடோ தீவில் இறங்கிவிடலாம். நம்முடையதோ வண்டல் சமவெளி. அருவி வேண்டுமானால் மேற்கே கொல்லிமலைக்கும், கடல் வேண்டுமானால் கிழக்கே வேதாரண்யத்துக்கும் போக வேண்டும். இரண்டு நாளாகப் பிரித்துக்கொள்ளுங்கள்.

மூட்டுவலி உள்ள அம்மாவைக் கொல்லிமலை ஆகாய கங்கை அருவிக்கு அழைத்துப் போகலாமா? (கும்பகோணம்)

வேண்டாம். படிகள் ஆயிரத்துக்கு மேல். இறங்கும்போது தெரியாத வலி ஏறும்போது தெரியும். மலையடிவாரத்துப் புளியஞ்சோலை ஓடை போதும். எந்த மாதம் போகிறீர்கள் என்று எழுதவில்லை. மாதத்தை எழுதாத கடிதத்துக்குத் தண்ணீரைப் பற்றி நான் என்ன சொல்வது?

கோடியக்கரைக் காட்டுக் குதிரைகளில் சவாரி உண்டா? (திருவாரூர்)

அவை சேணம் காணாதவை. தள்ளி நின்று பாருங்கள்.

ஆடிப்பெருக்கன்று கொள்ளிடத்தில் நீந்தலாம் என்றிருக்கிறோம். எல்லோருக்கும் நீச்சல் தெரியும். (திருவையாறு)

இந்தக் கடைசி வாக்கியம்தான் எனக்கு அச்சமூட்டுகிறது. நீங்கள் குளத்திலும் பம்புசெட்டுத் தொட்டியிலும் கற்ற நீச்சல், மணல் அள்ளிய ஆற்றில் உதவாது. அள்ளிய குழிகளைத் தண்ணீர் நிரப்பிவிட்டால் மேற்பரப்பு தட்டையாக, கலங்கலாக, ஒரே மாதிரியாகத்தான் தெரியும். சென்ற ஆண்டு முழங்கால் ஆழத்தில் நின்றுகொண்டு எட்டடி மூங்கில் கழியை இரண்டடி தள்ளி ஊன்றினேன், கழி முழுவதும் உள்ளே போய் என் மணிக்கட்டு நனைந்தது. குழியின் விளிம்பு ஈர மணலாகையால், விழுந்தவர் பிடித்து ஏற முயலும்போதெல்லாம் சரிந்து அவரோடு உள்ளே வருகிறது. காப்பாற்றக் குதிக்கும் இரண்டாம் ஆளும் அதே மடுவில்தான் இறங்குகிறார். ஆடியில் மேட்டூர் நிரம்பி, மிகுநீரை முக்கொம்பில் கொள்ளிடத்தில் திருப்பிவிட்டார்களானால், காலையில் கணுக்கால் நனைத்த இடத்தில் மாலையில் ஆள் நிற்க முடியாது. ஆகவே படித்துறையில் நின்று சொம்பில் மொண்டு குளியுங்கள். காப்பரிசி படைக்க அதுவே போதும். மாதத்தை எழுதியதற்கு மட்டும் நன்றி.

பிச்சாவரமா, முத்துப்பேட்டை அலையாத்திக் காடா? (மன்னார்குடி)

குழந்தைகள் இருந்தால் பிச்சாவரம். துடுப்புப் படகில் குறுகிய கால்வாய்களுக்குள் நிழலிலேயே போகலாம். முத்துப்பேட்டையில் காயல் விரிந்து கிடக்கும், வெயில் நேரே தலையில் இறங்கும். வனத்துறை அனுமதியை முன்னதாகவே வாங்கி, காலையிலேயே புறப்படுங்கள். உயிர்காப்புச் சட்டையின் வார்களை மாட்டுங்கள், தோளில் தொங்கவிடாதீர்கள்.

பூம்புகாரில் கடலில் குளிக்கலாமா? (சீர்காழி)

கூடாது. கால் நனைக்கலாம், அதுவும் ஆறு கலக்கும் முகத்தை விட்டுத் தள்ளி.