ரிஸ்க் இல்லை ஆச்சி, ரிஸ்க்-ஃபைவ்

ஆச்சி, நேற்று பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று பாதிப் பேச்சில் பள்ளத்தூருக்குக் கிளம்பிவிட்டீர்கள். இன்ஜினியரிங் படிக்கும் மகள் ரிஸ்க்-ஃபைவ், ரிஸ்க்-ஃபைவ் என்கிறாளே, அது என்ன, வேலைக்கு உதவுமா என்று கேட்டீர்களே, அதில் மீதியை எழுதிவிடுகிறேன். மகளிடமும் காட்டுங்கள்.

முதலில் அந்தப் பெயர். "பேரிலேயே ரிஸ்க் இருக்கே தம்பி" என்றீர்கள். அந்த ரிஸ்க் (RISC) வேறு. கட்டளைகளை எளிமையாக, கொஞ்சமாக வைத்துக்கொண்டு கணினியை இயக்கும் வடிவமைப்பு முறைக்கு அப்படி ஒரு பெயர். அமெரிக்காவில் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் அந்த வழியில் ஐந்தாவதாக வந்ததால் ரிஸ்க்-ஃபைவ். 2010இல் தொடங்கிய வேலை.

"இதைக் கூட்டு, அதை எடுத்து இங்கே வை" என்று சில்லுக்கு, அதாவது கணினிச் சிப்புக்கு, சொல்ல ஒரு கட்டளைத் தொகுதி வேண்டும். ஆர்ம் (ARM) என்ற சில்லு வடிவமைப்பு நிறுவனத்தின் தொகுதியில் சில்லு செய்ய அவர்களுக்கு உரிமத் தொகை கட்ட வேண்டும். ரிஸ்க்-ஃபைவ் தொகுதிக்கு அப்படி யாருக்கும் கட்ட வேண்டாம். நம் ஊர்க் கணக்கையே எடுத்துக்கொள்ளுங்கள். பற்று வரவு எழுதி ஐந்தொகை போடும் முறை எந்தக் கடைக்கும் சொந்தமில்லை. ரங்கூனில் எழுதிய பேரேட்டைக் காரைக்குடியில் பிரித்தாலும் கணக்குப்பிள்ளைக்குப் புரியும். ஆனால் பேரேட்டைக் காசு கொடுத்துத்தான் வாங்க வேண்டும், உள்ளே இருப்பதும் அவரவர் கணக்கு. அதே மாதிரி, ரிஸ்க்-ஃபைவ் என்றால் சில்லு இலவசம் என்றோ, அதன் உள் வடிவமைப்பு எல்லோருக்கும் திறந்திருக்கும் என்றோ அர்த்தமில்லை. மகள் என்னிடம் பேசியபோது இந்த இடத்தில்தான் கொஞ்சம் குழம்பினாள்.

நாலு நாள் மோகமா என்றால், இல்லை. வைஃபை வைத்த சின்ன போர்டுகளில் மாணவர்கள் அதிகம் வாங்கும் ஈஎஸ்பி32 வரிசையில் சி3, சி6 எல்லாம் ரிஸ்க்-ஃபைவ்தான். சென்னை ஐஐடியில் 'சக்தி' என்ற பெயரில் இதே தொகுதியில் செயலிகள் வடிவமைக்கிறார்கள். மத்திய அரசும் 2022இல் இதற்கென்று ஒரு திட்டம் தொடங்கியது.

மகள் வளவில் (வீட்டு நடு முற்றத்தில்) உட்கார்ந்து சால்டர் பண்ணும்போது, அதாவது ஈயத்தை உருக்கி ஒட்டும்போது, கைதவறி ஒரு சில்லு ஆத்தங்குடித் தரைக்கல்லின் பூவேலைக்குள் விழுந்து அரை மணி நேரம் வீடே தேடியதாகச் சொன்னீர்களே, அது சிஎச்32வி003. மொத்தமாக வாங்கினால் ஒன்று பத்து ரூபாய்க்குப் பக்கத்தில் வரும். எட்டுக் கால், 48 மெகாஹெர்ட்ஸ், நிரலை வைக்க 16 கிலோபைட் ஃப்ளாஷ், ஓடும்போது பயன்படுத்த 2 கிலோபைட் ரேம். அதற்குப் பெருக்கல் கட்டளையே கிடையாது. 7ஐ 6ஆல் பெருக்கச் சொன்னாலும் கூட்டியும் பிட்டுகளை நகர்த்தியும்தான் விடை கொண்டுவரும். அந்த வேலையை கம்பைலர் (நாம் எழுதும் நிரலைச் சில்லின் கட்டளைகளாக மாற்றும் மென்பொருள்) எப்படிச் செய்து வைத்திருக்கிறது என்று பிரித்துப் பார்த்த பிள்ளைக்கும், வெறுமனே எல்இடி எரிய விட்ட பிள்ளைக்கும் இன்டர்வியூவில் பெரிய வித்தியாசம் தெரியும்.

அடுத்து அவள் வாங்க வேண்டியது ராஸ்பெரி பை பைக்கோ 2 என்ற சின்ன போர்டு. 2024இல் வந்தது. அதிலுள்ள சில்லில் ஆர்ம் கோர் (கணக்குப் போடும் பகுதி) இரண்டு, ரிஸ்க்-ஃபைவ் கோர் இரண்டு. எதை ஓட்டுவது என்று நாமே தேர்ந்துகொள்ளலாம். ஒரே சி நிரலை இரண்டிலும் ஓட்டி, நேரம் அளந்து, ஒரு நோட்டில் எழுதச் சொல்லுங்கள். தசமக் கணக்கு வந்தால் ரிஸ்க்-ஃபைவ் பக்கம் பின்தங்கும். தசமக் கணக்குக்கான தனி வன்பொருள் அதில் ஆர்ம் கோருக்கு உண்டு, இதற்கு இல்லை. புதிது என்பதற்காக எல்லாவற்றிலும் இதுதான் உசத்தி என்று பேசும் பழக்கம் அங்கேயே போய்விடும்.

சரி, வேலை. எனக்குத் தெரிந்த ஒரு பையன் பயோடேட்டாவின் உச்சியில் ரிஸ்க்-ஃபைவ் என்று பெரிதாகப் போட்டுக்கொண்டு போனான். இன்டரப்ட் (செய்கிற வேலையை நிறுத்திவிட்டு இதைக் கவனி என்று சில்லுக்கு வரும் அழைப்பு) வந்தால் என்ன நடக்கும் என்று கேட்டிருக்கிறார்கள். முழித்துவிட்டு வந்தான். எம்படெட் வேலைக்கு, அதாவது கருவிகளுக்குள் இருக்கும் சில்லுக்கு நிரல் எழுதும் வேலைக்கு, கேட்பது சி மொழி, டேட்டாஷீட் (சில்லின் விவரக் குறிப்பு) படிக்கத் தெரிவது, ஆர்டிஓஎஸ் (குறித்த நேரத்தில் வேலைகளை முடிக்க வைக்கும் சின்ன இயங்குதளம்), கோளாறைத் தேடிப் பிடிக்கும் பொறுமை. போர்டு பெரும்பாலும் ஆர்மாகத்தான் இருக்கும், இன்னும் சில வருஷத்துக்கு அப்படியே ஓடும். ஒன்றை ஆழமாகக் கற்றவளுக்கு இன்னொன்றுக்கு மாற சில வாரம் போதும். சில்லையே வடிவமைக்கப் போகிறேன் என்றால் அது தனிப் பாதை: வெரிலாக் (சில்லின் வடிவமைப்பை எழுதும் மொழி), எஃப்பிஜிஏ (அந்த வடிவமைப்பை ஏற்றிச் சோதித்துப் பார்க்கும் சில்லு), பிறகு கேட் (GATE) நுழைவுத் தேர்வு எழுதி எம்.டெக். அதை மூன்றாம் ஆண்டில் முடிவு செய்தால் போதும். இப்போதே அவளை நெருக்க வேண்டாம்.

கேம்பஸ் பயிற்சி வகுப்பை அவள் கட் அடிப்பது மட்டும் எனக்குப் பிடிக்கவில்லை. மின்னணுக் கம்பெனிக்காரர்களும் பெரும்பாலும் முதலில் ஆப்டிட்யூட் தேர்வுதான், அதாவது கணக்கு, யோசிக்கும் திறன் பார்க்கும் தேர்வுதான், வைக்கிறார்கள். அதில் விழுந்தால் போர்டைக் காட்டும் மேசை வரை போகவே முடியாது. இதை நான் சொன்னதாகவே சொல்லுங்கள், கோபம் என்மேல் வரட்டும்.

அப்புறம், நாற்பதாயிரம் கட்டினால் சான்றிதழ் தருகிறோம் என்று யாரோ போன் பண்ணியதாகச் சொன்னீர்கள். கட்டாதீர்கள். கணினிக் கட்டமைப்புப் பாடம் என்பிடெலில் (ஐஐடிகள் நடத்தும் இணையவழிப் பாடத் தளம்) இலவசமாகவே கிடைக்கிறது, தேர்வுக்கு மட்டும்தான் கட்டணம். மிச்சமாகும் பணத்தில் ஒரு நல்ல மல்டிமீட்டரும், சில்லின் கால்களில் ஓடும் சமிக்ஞைகளைக் காட்டும் சின்ன லாஜிக் அனலைசரும் வாங்கிக் கொடுங்கள்.

சால்டரிங் வளவிலேயே நடக்கட்டும், புகை மேலே போய்விடும். கீழே மட்டும் ஒரு வெள்ளைத் துணியை விரித்துக்கொள்ளச் சொல்லுங்கள்.