நாற்காலி போட்டால் போதுமா?

கேள்வி: எங்கள் குடியிருப்போர் சங்கத்தில் ஓய்வுபெற்றவர்களுக்காக மாதம் ஒரு கூட்டம் நடத்துகிறோம். மருத்துவர் பேச்சு, யோகா, பாட்டு எல்லாம் உண்டு. முதல் மாதம் 40 பேர் வந்தார்கள், இப்போது 7 பேர்தான். எங்கே தவறு? - சங்கச் செயலாளர்

பதில்: முயற்சியைக் கைவிடாதீர்கள். ஆனால் நீங்கள் எழுதியிருக்கும் நிகழ்ச்சி எல்லாவற்றிலும் அவர்கள் உட்கார்ந்து கேட்கிறார்கள், இல்லாவிட்டால் சொன்னபடி செய்கிறார்கள். நேற்றுவரை ஒருநாள் லீவு போட்டாலே வேலை தேங்கிவிடும் என்ற நிலையில் இருந்தவர்கள். உங்கள் கூட்டத்துக்கு வராவிட்டால் எதுவும் தேங்காது. அது அவர்களுக்கும் தெரிந்திருக்கும்.

அமெரிக்காவின் பால்டிமோரில் 'எக்ஸ்பீரியன்ஸ் கோர்' என்ற திட்டத்தில், 60 வயது கடந்தவர்கள் தொடக்கப் பள்ளிகளுக்குப் போய்ப் பிள்ளைகளுக்கு வாசிக்க உதவினார்கள். வாரத்துக்கு 15 மணி நேரம்! வயதாகிவிட்டது, பாவம் என்று அரை மணி நேரத்தில் அனுப்பிவிடவில்லை. ஜிம்பாப்வேயில் மனநல மருத்துவர் டிக்சன் சிபாண்டா 2006இல் 14 பாட்டிமார்களுக்குப் பயிற்சி கொடுத்தார். மனம் நொந்து வருபவர்களோடு பெஞ்சில் உட்கார்ந்து பேசி, பிரச்சினைக்கு வழி தேட உதவுவது அவர்கள் வேலை. அதில் உண்மையான பலன் இருப்பதை 2016இல் வெளியான ஆய்வு காட்டியது. முதியவர்களுக்கு நல்லது செய்ய நினைக்கும் நாம், அவர்களிடம் உதவி கேட்க ஏன் இவ்வளவு தயங்குகிறோம்?

அறிவிப்புப் பலகையில் எழுதிப் போட்டால் யாரும் வரமாட்டார்கள். ஒவ்வொருவர் வீட்டுக்கும் போய்ப் பேசுங்கள். என்ன தெரியும் என்று மட்டும் கேட்காமல், எதை இனித் தொடவே பிடிக்காது என்றும் கேளுங்கள். 35 வருடம் கணக்கு எழுதியவர் சங்கக் கணக்கைக் கண்டாலே விலகிப் போகலாம். அவரிடமே செடிகளை ஒப்படைத்துப் பாருங்கள், விடியும்போதே வந்து நிற்கக்கூடும். அப்புறம், பெண்களிடம் தனியாகப் பேசுங்கள். அலுவலகத்திலிருந்து ஓய்வு கிடைத்தாலும் சமையலறையிலிருந்தும் பேரப்பிள்ளைகளிடமிருந்தும் பலருக்கு அது கிடைத்திருக்காது. அவர்களுக்குத் தோதான நேரத்தைக் கேட்டுவிட்டு நேரம் குறியுங்கள்.

வேலை சின்னதாக இருக்கலாம், பொறுப்பு முழுசாக இருக்க வேண்டும். சாவியைக் கொடுங்கள், செலவுக்குக் கொஞ்சம் பணம் கொடுங்கள், முடிவை அவர்களிடமே விடுங்கள். முதலில் 3 மாதத்துக்கு என்று சொல்லிவிட்டால், பிடிக்காதவர் சங்கடமில்லாமல் விலகலாம். இரண்டிரண்டு பேராகச் சேர்த்துவிட்டால் ஒருவருக்கு உடம்பு முடியாத நாளில் மற்றவர் பார்த்துக்கொள்வார்.

அடுத்த மாதம் பேச்சாளர் யாரையும் அழைக்காதீர்கள். இன்னும் வந்துகொண்டிருக்கும் அந்த 7 பேரோடு உட்கார்ந்து, இந்தக் குடியிருப்பில் எது சரியில்லை என்று கேளுங்கள். பட்டியல் நீளமாகத்தான் வரும். அதில் ஒன்றை அவர்களே தேர்ந்தெடுக்கட்டும். நின்றுபோன 33 பேரையும் அழைத்து வரும் வேலையை அவர்களிடமே கொடுங்கள்.