கையைக் கடிக்காமல் வீட்டை அழகாக்கலாம்: கேளுங்கள், சொல்கிறேன்

கேள்வி: அக்கா, புது வீட்டுக்கு வந்து ஒரு மாதம் ஆகிறது. முன்னறை மொட்டையாக இருக்கிறது. கையில் பணம் கொஞ்சம்தான். முதலில் எதை வாங்கலாம்?

இப்போதைக்கு எதையும் வாங்காதீர்கள். ஒரு விடுமுறை நாளில் அந்த அறையில் இருப்பதை எல்லாம் வெளியே எடுத்து வைத்து, பெருக்கித் துடைத்துவிட்டு, முதலில் சோபாவை மட்டும் உள்ளே கொண்டு வாருங்கள். அதையும் வழக்கம்போல் சுவரோடு ஒட்டிப் போடாமல் ஒரு சாண் தள்ளிப் போட்டுப் பாருங்கள். அப்புறம் மற்றவை ஒவ்வொன்றாக. பாதிப் பொருள் உள்ளே வராமலே நின்றுவிடும், அது நல்லதுதான். படுக்கையறையில் சும்மா கிடக்கும் ஸ்டூல் இங்கே பொருந்தலாம். இரண்டு வாரம் இப்படியே புழங்குங்கள். எந்த மூலை இருட்டாக இருக்கிறது, குடித்த டம்ளரை வைக்க எங்கே இடம் இல்லை என்பதெல்லாம் தானாகத் தெரிந்துவிடும். அந்தக் குறையைத் தீர்க்கிற பொருளை மட்டும் வாங்குங்கள்.

கேள்வி: பகலில் அறை நன்றாக இருக்கிறது. இரவில் விளக்கைப் போட்டால் ஆஸ்பத்திரி மாதிரி ஆகிவிடுகிறது, ஏன்?

பல்ப் அட்டையில் கெல்வின் (K) என்று ஒரு எண் போட்டிருக்கும், பாருங்கள், வெளிச்சத்தின் நிறத்தைச் சொல்லும் எண் அது. உங்களுடையது அநேகமாக 6500 ஆக இருக்கும், அது நீலம் கலந்த வெள்ளை. 2700 அல்லது 3000 வாங்கிப் போடுங்கள், வெளிச்சம் மஞ்சள் கலந்து இதமாக மாறும். கூரை நடுவில் ஒரே விளக்கு பளீரென்று எரிவதைவிட, குறைந்த வாட்டில் இரண்டு மூன்று விளக்குகள் தாழ்வாக, சுவரைப் பார்த்தபடி எரிவது கண்ணுக்கு இதம். பெயிண்ட் அடிக்கும் எண்ணம் இருந்தால் அதற்கு முன்னாலேயே பல்பை மாற்றிவிடுங்கள், ஏனென்றால் வெளிச்சத்துக்குத் தகுந்தபடி சுவர் நிறம் வேறாகத் தெரியும்.

கேள்வி: பழைய லேமினேட் அலமாரி ஒன்று இருக்கிறது, தூக்கிப் போட மனசில்லை. பெயிண்ட் அடித்தால் நிற்குமா?

நிற்கும், ஆனால் நேரம் கொடுக்க வேண்டும். முதலில் கதவு, இழுப்பறைகளைக் கழற்றி ஒவ்வொன்றின் பின்னாலும் எண் எழுதிவிடுங்கள், இல்லையென்றால் மாட்டும்போது எது எங்கே என்று தெரியாது. சோப்புத் தண்ணீரில் பிசுக்குப் போகத் துடைத்து, காய்ந்ததும் 220 நம்பர் உப்புத்தாளால் லேசாகத் தேய்த்தால் போதும். சுரண்டி எடுக்க வேண்டியதில்லை, பளபளப்பு மங்கி, விரலால் தடவினால் சுண்ணாம்புக்கட்டி மாதிரி ஒரு சொரசொரப்பு வர வேண்டும், அவ்வளவுதான். தூசியைத் துடைத்துவிட்டு, வழுவழுப்பான பரப்பில் பிடிக்கும் பிரைமர் என்று கேட்டு வாங்கி ஒரு கோட் அடித்து, ஓர் இரவு விடுங்கள். பிறகு ஸ்பாஞ்ச் ரோலரில் மெல்லிசாக இரண்டு கோட் பெயிண்ட். தடிமனாக ஒரே கோட் அடித்தால் ஒழுகிக் கோடு கோடாகக் காயும்.

தொட்டால் ஒட்டவில்லை என்பதற்காகப் பெயிண்ட் இறுகிவிட்டது என்று நினைக்காதீர்கள், முழுதாக இறுக இரண்டு மூன்று வாரம்கூட ஆகும். நான் முதன்முதலில் செய்த மேசையில் மூன்றாம் நாளே புத்தகங்களை அடுக்கினேன், ஒரு மாதம் கழித்து எடுத்தபோது அட்டையோடு பெயிண்டும் உரிந்து வந்தது. திரும்பவும் தேய்த்து முதலிலிருந்து செய்தேன்.

புதுக் கைப்பிடி வாங்குவதாக இருந்தால் பழைய இரண்டு துளைகளுக்கு நடுவே உள்ள தூரத்தை அளந்துகொண்டு போங்கள், 96 அல்லது 128 மி.மீ. இருப்பது சகஜம். அளவு சரியாக இருந்தால் புதுத் துளை போட வேண்டாம்.

கேள்வி: சுவரில் ஓதம் அடித்து பெயிண்ட் உரிகிறது. வால்பேப்பர் ஒட்டி மறைத்துவிடலாமா அண்ணி?

வேண்டாம், தயவுசெய்து ஒட்டாதீர்கள். உள்ளே ஈரம் தங்கிப் பூஞ்சை பிடிக்கும், ஒட்டிய காசும் போகும். ஒரு பிளாஸ்டிக் தாளைச் சுவரில் வைத்து நாலு பக்கமும் டேப் ஒட்டி இரண்டு நாள் விட்டுப் பாருங்கள். தாளின் சுவர்ப் பக்கம் நனைந்திருந்தால் ஈரம் சுவருக்குள்ளிருந்து வருகிறது, குழாய்க் கசிவையோ வெளிச்சுவர் வெடிப்பையோ தேட வேண்டும். வெளிப்பக்கம் நனைந்திருந்தால் அது அறைக் காற்றின் ஈரம், ஜன்னலைத் திறந்து காற்றோட்டம் கொடுத்தால் பெரும்பாலும் குறையும். அழகுக்கு ஒதுக்கிய பணம் முழுவதும் இதற்கே போனாலும் பரவாயில்லை.

கேள்வி: வாடகை வீடு. ஆணி அடிக்கக் கூடாது. படம் மாட்ட ஆசை.

ஒட்டும் கொக்கி வாங்குங்கள், அட்டையில் போட்டிருக்கும் எடைக்கு மேல் மாட்டாதீர்கள். இழுத்துக் கழற்றும் நாடா உள்ளதாக எடுத்தால், காலி செய்யும்போது நாடா நுனியைச் சுவரை ஒட்டினாற்போலக் கீழ்நோக்கி மெதுவாக இழுக்கலாம், பெயிண்ட் பெரும்பாலும் பெயராது. பெரிய படத்தை மேசைமேல் சாய்த்து வைத்தாலே போதும்.

கேள்வி: படம் எந்த உயரத்தில்? கர்ட்டன்?

படத்தின் நடுப்பகுதி தரையிலிருந்து 145 முதல் 150 செ.மீ. உயரத்தில் வரட்டும், நிறையப் பேர் கழுத்து வலிக்கிற அளவுக்கு மேலே மாட்டிவிடுகிறார்கள். கர்ட்டன் கம்பியை ஜன்னலுக்கு ஒரு சாண் மேலே, இரண்டு பக்கமும் ஒரு சாண் தள்ளிப் போடுங்கள். துணி ஜன்னலை மறைக்காமல் சுவர்மேல் ஒதுங்கும், ஜன்னல் பெரிதாகத் தெரியும். துணியின் மொத்த அகலம் கம்பியைப் போல் ஒன்றரை மடங்காவது இருக்கட்டும், விலை குறைந்த துணியாக இருந்தாலும் மடிப்பு விழுந்தால் நன்றாக இருக்கும்.