ஒட்டியதும் கலந்ததும்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: 'இணைவு' என்ற கருப்பொருளில் நடக்கவிருக்கும் குழுக் கண்காட்சி ஒன்றுக்கு என்னிடம் படைப்பு கேட்டிருக்கிறார்கள். நான் நீர்வண்ண ஓவியம் வரைவேன், ஒளிப்படமும் எடுப்பேன். நான் எடுத்த படத்தை அச்சிட்டு, வெட்டி, ஓவியத்தின் மேல் ஒட்டினேன். பார்த்தவர்கள், "இரண்டும் தனித்தனியாகவே நிற்கின்றன" என்கிறார்கள். எங்கே பிசகியது? – ஒரு வாசகி

பதில்: உங்கள் படைப்பின் ஒரு பாதியைக் கையால் மறைத்துப் பாருங்கள். மீதிப் பாதி எந்தக் குறையும் இல்லாமல் தன்னளவில் முழுமையாக நின்றால், அங்கே நடந்திருப்பது வெறும் ஒட்டுதல்தான். 'இரண்டறக் கலத்தல்' என்று தமிழில் ஓர் அழகான தொடர் உண்டு. இரண்டு என்ற எண்ணிக்கையே அற்றுப்போகும்படி கலப்பது என்பது அதன் பொருள். இணைவு என்ற சொல்லை நான் அந்த அளவுகோலால்தான் அளக்கிறேன். செடிக்கு ஒட்டுக் கட்டுகிறவர்கள் இரண்டு தண்டுகளைச் சேர்த்துக் கட்டுவதோடு விடுவதில்லை. பட்டைக்கு அடியில் உள்ள உயிருள்ள பசும்படலம் இரண்டிலும் ஒன்றையொன்று தொடும்படி சீவிப் பொருத்துகிறார்கள். உங்கள் ஓவியத்துக்கும் ஒளிப்படத்துக்கும் அப்படித் தொட்டுக்கொள்ளும் இடம் எது என்று முதலில் தேடுங்கள். அது ஒரு கோடாகவோ, நிழலாகவோ, இரண்டிலும் திரும்ப வரும் ஒரு வடிவமாகவோ இருக்கலாம்.

இதை நான் கற்றுக்கொண்டது ஒரு தோல்வியில்தான். சருகாகி நரம்புகள் மட்டும் மிஞ்சிய ஓர் இலையையும், வயதான ஒருவரின் புறங்கையையும் ஒரே சட்டத்தில் இரண்டு முறை ஒளி விழச் செய்து, இரட்டைப் பதிவாக எடுக்க முயன்றேன். இலையை வெள்ளைத் தாளின் மேல் வைத்தபோது, தாளின் வெளிச்சம் கையை முழுவதுமாக விழுங்கிவிட்டது. முதல் பதிவில் இருளாக உள்ள இடமே இரண்டாம் பதிவுக்கு இடம் தரும் என்பது அப்போதுதான் உறைத்தது. பிறகு இலையைக் கறுப்புத் துணியின் மேல் வைத்தேன். இரண்டு முறை ஒளி விழுவதால், 1/60 நொடி தேவைப்படும் இடத்தில் ஒவ்வொரு பதிவுக்கும் 1/125 நொடி என்று பாதியாகக் குறைத்தேன். இம்முறை இலையின் நடுநரம்பு மணிக்கட்டில் தொடங்கி, கையில் புடைத்திருந்த நரம்பின் வழியே விரலுக்கு ஓடியது. எது இலை, எது கை என்று பிரித்துச் சொல்ல முடியாத அந்த ஓரங்குலப் பகுதிதான் படத்தின் உயிர்.

நீங்கள் நீர்வண்ணத்தில் கைதேர்ந்தவர் என்பதால் சயனோடைப் முறையைப் பரிந்துரைக்கிறேன். 1842-இல் ஆங்கிலேய அறிவியலாளர் ஜான் ஹெர்ஷல் கண்டறிந்த இம்முறையில், இரும்பு உப்புக் கரைசலை நீங்கள் வழக்கமாக வரையும் அதே நீர்வண்ணத் தாளில் தூரிகையால் பூசி, உலர்த்தி, நெகட்டிவை (வெளிச்சமும் நிழலும் இடம் மாறித் தெரியும், ஒளி ஊடுருவும் படம்) அதன் மேல் வைத்து வெயிலில் காட்டி, தண்ணீரில் அலசினால் நீல நிறப் படம் கிடைக்கும். படம் தாளின் இழைகளுக்குள்ளேயே ஊறி நிற்பதால், அதன் மேல் தீட்டும் வண்ணமும் அதே இழைகளில்தான் இறங்கும். வெட்டிய விளிம்பு என்ற ஒன்றே இருக்காது. காரத்தன்மை உள்ள எதுவும் அந்த நீலத்தை வெளிறச் செய்யும் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். அச்சுப்பிரதியின் மேலேயே வரைய விரும்பினால் பளபளப்பான தாளைத் தவிர்த்துவிடுங்கள். அதில் நீர்வண்ணம் பிடிக்காது.

கேள்வி: பல படங்களைக் கலந்து ஒன்றாக்குவது ஒளிப்படக் கலைக்குச் செய்யும் துரோகம் ஆகாதா? – ஒரு வாசகர்

பதில்: ஆகாது. 1857-இலேயே ஒளிப்படக் கலைஞர் ஆஸ்கார் ரைலாண்டர் 30-க்கும் மேற்பட்ட நெகட்டிவ்களைச் சேர்த்து ஒரே படமாக்கினார். அன்றும் உங்களைப் போலவே பலர் முகம் சுளித்தார்கள். கணினி மென்பொருள்கள் வருவதற்கு வெகுகாலம் முன்பே, அமெரிக்க ஒளிப்படக் கலைஞர் ஜெரி யுல்ஸ்மன் இருட்டறையில் பல என்லார்ஜர்களை (நெகட்டிவின் பிம்பத்தைப் பெரிதாக்கித் தாளில் விழச் செய்யும் கருவிகள்) வரிசையாக வைத்து, ஒரே தாளை ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு நகர்த்தித் தம் படங்களை உருவாக்கினார். ஆனால் செய்திப் படத்தின் நிலை வேறு. 'இது நடந்தது' என்று நம்பித்தான் வாசகர் அதைப் பார்க்கிறார் என்பதால், அங்கே கலப்புக்கு இடமே கிடையாது. கண்காட்சியில் வைக்கும் படத்தின் கீழ் 'இரண்டு பதிவுகளின் கலப்பு' என்று ஒரு வரி எழுதிவிடுங்கள், போதும்.