ஆஸ்திரேலியாவோட கனமான ரெட் ஒயின்களை எப்படி டேஸ்ட் பண்ணி மார்க் போடுறது? பாட்டில்ல ஒட்டியிருக்கிற 95 பாயிண்ட் ஸ்டிக்கரை நம்பலாமா?

ஸ்டிக்கரை பாதி நம்பலாம். மீதியை உங்க நாக்குதான் சொல்லணும், அதுவும் ரெண்டாவது கிளாஸ் முடியறப்ப சொல்லணும். நான் இருக்கிறது அடிலெய்டுல, ஒயினுக்குப் பேர் போன பரோசா பள்ளத்தாக்கு இங்கேருந்து வடகிழக்கால கார்ல ஒரு மணி நேரம், தெக்க போனா அதுக்கும் முன்னாடியே மெக்லாரன் வேல்ங்கற இன்னொரு ஒயின் ஊர் வந்துரும், அதனால இந்த ஊர் ஷிராஸை (ஷிராஸ்ங்கற கருந்திராட்சைல செய்யற ரெட் ஒயின்) விதவிதமா ருசி பாக்கிற வாய்ப்பு தானா அமைஞ்சுது. நண்பர்களோட உக்காந்து பாட்டிலையெல்லாம் பேப்பர் பைக்குள்ள மறைச்சு வச்சு மார்க் போடுறது ரொம்ப காலமா எங்க பழக்கம். அதுல ஒரு விஷயம் எனக்கு சந்தேகமே இல்லாம புரிஞ்சிருக்கு, கனமான ஒயினுக்கு மொத வாய்லயே மார்க் போட்டுரக்கூடாது.

ஏன்னா இந்த மாதிரி வெயில் ஊர்ல திராட்சை நல்லா பழுத்துரும், சர்க்கரை ஏறும், அந்த சர்க்கரைதான் ஆல்கஹாலா மாறுது, அதனால 14.5, 15 சதவீதமெல்லாம் இங்க சர்வசாதாரணம். ஆல்கஹால் கூடக்கூட வாய்ல ஒரு வழவழப்பும் லேசான தித்திப்பும் வரும். அதுக்கு மேல புது அமெரிக்கன் ஓக் பீப்பாயில கிடந்ததுன்னா வெனிலாவும் தேங்காய் வாசமும் சேர்ந்துக்கும். இது எல்லாம் ஒண்ணா வாய்க்குள்ள வந்தா மொத வாய் ஆளை அசத்தத்தான் செய்யும், பக்கத்துல ஒரு ஹன்டர் பள்ளத்தாக்கு ஷிராஸோ விக்டோரியாவோட குளிர் பக்கத்து ஷிராஸோ வச்சிருந்தா அது சப்புனு தெரியும், எடுபடவே எடுபடாது. ஆனா அதே ரெண்டையும் சாப்பாட்டோட வச்சு நிதானமா குடிச்சுப் பாருங்க, அசத்துனதுல சிலது திகட்டிப் போய் கிளாஸ்ல பாதி அப்படியே நிக்கும், சப்புனு இருந்ததா நினைச்ச பாட்டில் எப்ப காலியாச்சுன்னே தெரியாது. எங்க வீட்டுல பையை உருவறதுக்கு முன்னாடி எந்த பாட்டில்ல எவ்வளவு மீதி இருக்குன்னு தூக்கிப் பாப்போம், பேப்பர்ல எழுதுன மார்க்கை விட அது சில நேரம் உண்மையைச் சொல்லும்.

இதுக்கு ஆஸ்திரேலியாவுலயே பெரிய உதாரணம் பென்ஃபோல்ட்ஸ் கம்பெனியோட கிரேஞ்ச்ங்கற ரெட் ஒயின். மேக்ஸ் ஷூபர்ட்னு அங்க ஒயின்மேக்கர், ஐரோப்பா போனப்ப பிரான்ஸோட போர்டோவுல பல வருஷம் பாட்டில்ல கிடந்து முதிர்ந்த ரெட்களை குடிச்சுப் பாத்துட்டு, நம்ம ஊர்லயும் இப்படி நின்னு விளையாடுற ஒயின் செய்யணும்னு 1951ல ஆரம்பிச்சார். போர்டோவோட கேபர்னே திராட்சை அப்ப இங்க போதுமான அளவு கிடைக்கல, அதனால கையில இருந்த ஷிராஸையே எடுத்து புது அமெரிக்கன் ஓக்ல போட்டார். சில வருஷம் கழிச்சு கம்பெனி பெரியவங்களுக்கும் ஒயின் தெரிஞ்சவங்களுக்கும் ஊத்திக் காட்டுனா எல்லாரும் கழுவி ஊத்திட்டாங்க, காட்டுப்பழ வாசத்துக்கு மேல நசுக்குன எறும்பு வாசம் அடிக்குதுன்னு கூட ஒருத்தர் சொல்லிட்டார். 1957ல இதை நிறுத்துன்னு உத்தரவே வந்துருச்சு. அவர் நிறுத்தல. 57, 58, 59 மூணு வருஷமும் மேலிடத்துக்குத் தெரியாம செஞ்சு வச்சார், புது பீப்பாய்க்கு காசு கேக்க முடியாதுங்கறதால ஓக் விஷயத்துல கையைக் கட்டிக்கிட்டுதான் செஞ்சார். அதுக்குள்ள ஆரம்ப வருஷத்து பாட்டில்கள் முதிர்ந்து நல்லா வர ஆரம்பிச்சு, 1960ல திரும்பச் செய்ங்கன்னு அவங்களே சொன்னாங்க, 1962 சிட்னி ஷோவுல 1955 கிரேஞ்ச் தங்கம் வாங்குச்சு. திட்டு வாங்குனதும் தங்கம் வாங்குனதும் ஒரே பாணி ஒயின்தான், நடுவுல சில வருஷம் பாட்டில்ல கிடந்ததுதான் வித்தியாசம். இன்னைக்கு ஒரு பாட்டில் ஆயிரம் டாலர் பக்கம் போகுது.

சரி ஸ்டிக்கருக்கு வர்றேன். இங்க ஒயின் ஷோக்கள்ல ரொம்ப காலமா 20 மார்க்தான், நிறத்துக்கு 3, வாசனைக்கு 7, வாய்க்கு 10, மொத்தத்துல 15.5 வாங்குனா வெண்கலம், 17 வெள்ளி, 18.5 தங்கம். இப்ப 100க்கு மாறி 85, 90, 95னு ஆயிருச்சு. நடுவர்கள் பாட்டிலைப் பாக்காமதான் மார்க் போடுறாங்க, அது ரொம்ப பெரிய விஷயம், அதை நான் மதிக்கிறேன். ஆனா ஒரே நாள்ல வரிசை வரிசையா கிளாஸ் வரும், துப்பித் துப்பி டேஸ்ட் பண்ணணும், ஒவ்வொண்ணுக்கும் கிடைக்கிறது கொஞ்ச நேரம்தான், அந்த வேகத்துல கனமும் ஓக்கும் இருக்கிற ஒயின் முன்னாடி வந்து நிக்கிறது இயல்புதான். ஜிம்மி வாட்சன் கோப்பைன்னு மெல்பர்ன்ல 1962லேருந்து குடுக்கிறாங்க, ரொம்ப பேர் போன பரிசு, முன்னெல்லாம் அது ஒரு வயசு ரெட்டுக்கு, பீப்பாய்லேருந்து இன்னும் பாட்டிலுக்கே வராத ஒயினுக்குக் குடுத்தாங்க. வுல்ஃப் பிளாஸ்ங்கற ஒயின்மேக்கர் 1974, 75, 76னு வரிசையா மூணு வருஷம் அடிச்சார், ஓக் இல்லாம நல்ல ஒயின் இல்லைங்கறதுதான் அவரோட கொள்கையே. பாட்டில்ல அடைக்காத ஒயினுக்கு எப்படிப் பரிசுன்னு நிறைய விமர்சனம் வந்து பின்னாடி விதியை மாத்துனாங்க. அதனால ஸ்டிக்கரைப் பாத்தா மூணு கேள்வி கேளுங்க, யார் போட்ட மார்க், எந்த வருஷத்து அறுவடைக்குப் போட்டது, அந்த ஆளோட ருசி உங்க ருசியா. ஒரே விமர்சகர் மார்க் போட்ட நாலஞ்சு பாட்டில் குடிச்சுப் பாத்தா அவர் எதுக்கு தாராளமா போடுவார்னு பிடிபட்டுரும், அதுக்கப்புறம் அவர் போடுற 92 கூட உங்களுக்கு உருப்படியான தகவல்தான்.

இப்ப நீங்களே எப்படிப் பாக்கிறதுன்னு சொல்றேன். மொதல்ல சூடு. ரெட்டை ரூம் டெம்பரேச்சர்ல குடிக்கணும்ங்கற பேச்செல்லாம் ஐரோப்பாவோட குளிர் வீட்டுக்கு, அடிலெய்டு ஜனவரில ரூமே 28, 30 டிகிரி இருக்கும், அந்த சூட்டுல 15 சதவீத ஷிராஸ் ஊத்துனா மூக்குல ஸ்பிரிட் வாசம்தான் ஏறும். ஃபிரிட்ஜ்ல வச்சு 16லேருந்து 18 டிகிரிக்குள்ள வந்ததும் ஊத்துங்க, ஒப்பிடுற எல்லா பாட்டிலும் ஒரே சூட்டுல இருக்கணும். கிளாஸ் ஒரே மாதிரி இருந்தா போதும். நிறத்துல ரொம்ப நேரம் நிக்காதீங்க, கருஞ்சிவப்பா ஓரத்துல ஊதா அடிச்சா இளசு, செங்கல் நிறம் வந்தா வயசாயிருச்சு, அவ்வளவுதான். கிளாஸ் ஓரத்துல கோடு கோடா வழியறதைப் பாத்து உயர்ந்த சரக்குன்னு நினைச்சுக்காதீங்க, ஆல்கஹால் நிறைய இருக்குன்னுதான் அதுக்கு அர்த்தம்.

மூக்குதான் நிஜமான வேலை. கிளாஸை சுத்தறதுக்கு முன்னாடி ஒரு தடவை, சுத்தி ஒரு தடவை. ஷிராஸ்ல மிளகு வாசம் வரும், அது நம்ம சமையல்கட்டு மிளகேதான், ரொட்டண்டோன்னு ஒரு பொருள் மிளகுலயும் இருக்கு, திராட்சைத் தோல்லயும் இருக்கு, ஆஸ்திரேலிய ஒயின் ஆராய்ச்சி நிலையம் 2008ல இதைக் கண்டுபிடிச்சு எழுதுனாங்க. குளிர் பக்கத்து ஷிராஸ்ல அது தூக்கலா இருக்கும், பரோசா வெயில்ல குறைஞ்சிரும். இதுல முக்கியமான சங்கதி என்னன்னா அஞ்சு பேர்ல ஒருத்தருக்கு அந்த வாசமே தெரியாது, எங்க கூட்டத்துலயும் ஒரு நண்பருக்கு வராது, நாங்க மிளகு மிளகுன்னு குதிக்கிற ஒயினுக்கு அவர் எப்பவும் ஒரு படி கம்மியாதான் போடுவார், அவர் மார்க்கும் சரிதான் எங்க மார்க்கும் சரிதான். இதே மாதிரி கூனவாராங்கற ஒயின் ஊரோட கேபர்னேல யூகலிப்டஸ் தைலம் மாதிரி ஒரு வாசம் வந்தா, தோட்டத்து ஓரத்துல இருக்கிற மரத்து இலையும் அதோட எண்ணெயும் திராட்சையோட சேர்றதுதான் காரணம், மரத்துக்கு 50 மீட்டருக்குள்ள இருக்கிற வரிசைகள்ல இது அதிகம்னு அதே நிலையத்துக்காரங்கதான் காட்டுனாங்க. லேசா இருந்தா எனக்கு ரொம்ப புடிக்கும், தூக்கலா போனா மார்க்கைக் குறைச்சிருவேன். நனைஞ்ச அட்டைப்பெட்டி வாசம் வந்தா கார்க் கெட்டுப்போச்சு, நெயில் பாலிஷ் வாசம், புதுசா பிரிச்ச பேண்டேஜ் வாசம் இதெல்லாம் தூக்கலா வந்தா குறைதான், எவ்வளவு பெரிய பேரா இருந்தாலும் குறை குறைதான்.

வாய்ல நான் பாக்கிறது நாலு. பழம், புளிப்பு, துவர்ப்பு, விழுங்குன அப்புறம் எவ்வளவு நேரம் நிக்குதுங்கறது. துவர்ப்பு எப்படின்னா நாவல்பழம் தின்னா நாக்கும் ஈறும் இழுத்துப் பிடிக்கும்ல அது, திராட்சைத் தோல்லயும் விதைலயும் இருக்கிற டானின்ங்கற பொருள் எச்சில்ல இருக்கிற புரதத்தோட ஒட்டிக்கிறதால வர்றது. நல்ல பரோசா ஷிராஸ்ல அது வாய் முழுக்க சன்னமா பரவும், மோசமானதுல ஈறுல மட்டும் சொரசொரன்னு நிக்கும். புளிப்பு இல்லாத கனமான ஒயின் எவ்வளவு பழுத்த பழமா இருந்தாலும் ஜாம் சாப்பிட்ட மாதிரி திகட்டிரும், வெயில் ஊர்ல புளிப்பு தானா குறையறதால இங்க டார்டாரிக் ஆசிட் சேர்க்க அனுமதி உண்டு, நிறைய பேர் சேர்க்கிறாங்க, தப்பே இல்ல, ஆனா கைப்பக்குவம் இல்லாம சேர்த்தா பழம் ஒரு பக்கம் புளிப்பு ஒரு பக்கமா தனித்தனியா நிக்கும். விழுங்குனதும் மனசுக்குள்ள எண்ணுங்க. பத்து எண்றதுக்குள்ள ருசி போய் வெறும் எரிச்சல் மட்டும் நெஞ்சுல நின்னா அது ஆல்கஹால்தான், அதுக்கு நான் 20ல 15க்கு மேல போட மாட்டேன். முப்பது தாண்டியும் பழமும் மசாலாவும் நின்னா 18க்குக் குறையாது.

அப்புறம் மார்க்கை பென்சில்ல எழுதி வச்சுட்டு பாட்டிலை மூடி ஃபிரிட்ஜ்ல வைங்க. இங்க பெரும்பாலும் ஸ்க்ரூ கேப்தான், சுலபம். மறுநாள் சாயங்காலம் எடுத்து திரும்ப சூடு சரியானதும் ஊத்திப் பாருங்க, காத்து பட்டு ஓக் வாசம் அடங்கியிருக்கும், உள்ள சரக்கு இருந்தா பழம் மேல வரும், இல்லன்னா தட்டையா புளிச்சு கிடக்கும். நான் பேனாவுல எழுதறது இந்த ரெண்டாவது மார்க்கைத்தான். டீ.ஆரென்பெர்க் கம்பெனியோட டெட் ஆர்ம் (செத்த கை) ஷிராஸ் இதுக்கு எனக்குத் தெரிஞ்ச நல்ல சாட்சி. மெக்லாரன் வேல்ல பழைய கொடிகள்ல யூட்டைப்பான்னு ஒரு பூஞ்சை வந்து ஒரு பக்கத்துக் கிளை செத்துப் போயிரும், மிச்சமிருக்கிற கிளைல கொஞ்சமா காய்க்கிற பழத்துல ருசி அடர்த்தியா இறங்கும், பேரே அதுலேருந்துதான். இளசா திறந்தா மொத நாள் இறுக்கமா முகம் குடுக்காது, மறுநாள் வந்து பாருங்க, வேற ஆள்.

பழைய கொடின்னு சொன்னதால ஒண்ணு. திராட்சைக் கொடியோட வேரைத் தின்னு கொல்ற ஃபிலாக்சரா பூச்சி தெற்கு ஆஸ்திரேலியாவுக்கு வரவே இல்ல, அதனால பரோசாவுல லாங்மைல் தோட்டத்துல 1843ல நட்ட ஷிராஸ் இன்னைக்கும் காய்க்குது, ஈடன் பள்ளத்தாக்குல ஹென்ஷ்கி கம்பெனியோட ஹில் ஆஃப் கிரேஸ் தோட்டத்துக் கொடிகள் 1860கள்ல நட்டது. லேபிள்ல 'ஓல்ட் வைன்', அதாவது பழைய கொடின்னு யார் வேணா போட்டுக்கலாம், பரோசாவுல 2009லேருந்து ஒரு கணக்கு வச்சிருக்காங்க, 35 வயசுக்கு மேல ஓல்ட், 70க்கு சர்வைவர், 100க்கு சென்டினேரியன், 125க்கு ஆன்செஸ்டர். விலையும் அதுக்கேத்த மாதிரி ஏறும். பழக ஆரம்பிக்கிறவங்களுக்கு அதெல்லாம் வேண்டாம், ஒரு பரோசா ஷிராஸ், ஒரு மெக்லாரன் வேல் ஷிராஸ், ஒரு கூனவாரா கேபர்னே, மூணும் ஒரே வருஷம், 25 டாலர் சுத்தி, இதை மறைச்சு வச்சு ஆரம்பிங்க. ஒரு ஆளுக்கு ஒவ்வொண்ணுலயும் 30 மில்லி போதும். 14.5 சதவீத பாட்டில் ஒண்ணுல இந்த ஊர் கணக்குக்கு (ஒரு டிரிங்க்னா 10 கிராம் ஆல்கஹால்) எட்டரை டிரிங்க் இருக்கு, தோட்டத்துக்கே போய் டேஸ்ட் பண்றதா இருந்தா துப்பறதுக்குப் பாத்திரம் வச்சிருப்பாங்க, கூச்சப்படாம துப்புங்க, இங்க வண்டி ஓட்ட ரத்தத்துல ஆல்கஹால் 0.05 சதவீதம்தான் வரம்பு.

மொத ரவுண்டுக்கு வெறும் பிரெட்டும் தண்ணியும் மட்டும் வைங்க, சாப்பாடு ரெண்டாவது கிளாஸோட வரட்டும். நம்ம சமையல்ல மிளகு தூக்கலா போட்ட மட்டன் சுக்கா பரோசா ஷிராஸோட அவ்வளவு நல்லா போகும், வரமிளகாயை மட்டும் நல்லா குறைச்சிருங்க, மிளகாய்க் காரம் ஆல்கஹால் எரிச்சலையும் துவர்ப்பையும் கூட்டிக் காட்டும், நல்ல ஒயினுக்கு அநியாயமா ரெண்டு மார்க் போயிரும்.